ஏ பிளஸ் தேர்வுக்குத் தயாராவோர் கவனத்திற்கு

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கணினித் தொழில்நுட்ப உதவிப் பணிகளுக்கான அடிப்படைச் சான்றிதழான காம்ப்டியா ஏ பிளஸைப் பெற, கோர் 1, கோர் 2 ஆகிய இரு தேர்வுகளிலும் தேர்ச்சி பெற வேண்டும். இரண்டும் ஒரே பதிப்பு வரிசையைச் சேர்ந்தவையாக இருத்தல் கட்டாயம். 220-1101, 220-1102 தேர்வுகள் 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டதால், 220-1201, 220-1202 தேர்வுகளுக்கான பாடநூலையே வாங்குங்கள்.

ஒவ்வொரு தேர்விலும் 90 நிமிடங்களில் அதிகபட்சம் 90 கேள்விகள் இடம்பெறும். தேர்ச்சி பெற, 100 முதல் 900 வரையிலான அளவில் கோர் 1க்கு 675, கோர் 2க்கு 700 தேவை. செய்முறைக் கேள்விகள் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்து நேரத்தை விழுங்கிவிடுவதால், அவற்றைக் குறித்து வைத்துவிட்டு, மற்றவற்றை முடித்தபின் திரும்புவதே நல்லது.

கோர் 1இல் பழுதறிதலுக்கு மட்டும் 28 சதவீதம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால் நம்மில் பலர் அதைக் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைக்கிறோம். ஒரு கணினி 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரியைக் காட்டினால், பிணையத்தில் ஐபி முகவரிகளைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று புரிந்துகொண்டு, கேபிள், சுவிட்ச், சர்வர் என வரிசையாகச் சோதிக்கும் சிந்தனையையே கேள்விகள் எதிர்பார்க்கின்றன. ஒவ்வொரு பிணையச் சேவைக்கும் உரிய போர்ட் எண்களை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்: டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றுவது) 53, எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு) 445, ஆர்டிபி (தொலைவிலிருந்து கணினியை இயக்குவது) 3389 போன்றவை.

கசிந்த வினாக்கள் எனப்படும் ‘டம்ப்’ கோப்புகளை இக்குழுவில் பகிர வேண்டாம். அவற்றைப் பயன்படுத்துவது தேர்வர் ஒப்பந்தத்தை மீறுவதாகும். பெற்ற சான்றிதழே ரத்தாகக்கூடும்.