ஜப்பானியப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எப்போது? திரைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக்கான ஜப்பானியத் திரைவிழா முடிந்து, வாசலில் கட்டிய பேனரையும் கழற்றியாகிவிட்டது. கட்டணம் வாங்காமல் படம் காட்டினீர்கள், நல்ல பிரதிகளாகத் தேடிக் கொண்டுவந்தீர்கள். அதற்கு முதலில் நன்றி. நன்றி சொன்ன கையோடு கேட்டுவிடுகிறேன்: ஆங்கில சப்டைட்டிலோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த ஆண்டாவது படங்களைத் தமிழ் சப்டைட்டிலோடு திரையிடுவீர்களா?

இது புதுக் கோரிக்கை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். போன ஆண்டு நிறைவு நிகழ்ச்சியில் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து இதையே கேட்டார். "கண்டிப்பாகப் பரிசீலிக்கிறோம்" என்று மைக்கில் சொன்னீர்கள், நாங்களும் கைதட்டினோம். அதற்கு முந்தைய ஆண்டு கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால், தமிழ் வேண்டும் என்பதையும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டி வந்தது. இந்த ஆண்டும் அதே படிவம்தான். அரங்கம் எப்படி, ஒலி எப்படி, தேநீர் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திரம். தேநீருக்கு ஐந்தும் போட்டேன், அது தகும். படம் புரிந்ததா என்று கேட்க மட்டும் அதில் கட்டம் இல்லை.

இரண்டாம் நாள் மாலை யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' போட்டீர்கள். 1953-இல் வந்த படம். ஓனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோவுக்கு வருகிறார்கள். டாக்டர் மகனுக்கு நேரமில்லை. அழகு நிலையம் நடத்தும் மகளுக்குப் பொறுமையில்லை. பிள்ளைகள் காசு போட்டு, அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் பெற்றோரை அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்கக் கூச்சலும் கும்மாளமும், கிழவர்களுக்குத் தூக்கமில்லை. போரில் செத்துப்போன மகனின் மனைவி நொரிகோ ஒருத்திதான் ஆபீசுக்கு லீவு போட்டு ஊர் சுற்றிக் காட்டுகிறாள். இந்தக் கதையை நம் ஊரில் யாருக்கு விளக்க வேண்டும்? பிள்ளைகள் வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு வந்த எந்தப் பெரியவரைக் கேட்டாலும் மீதியை அவரே சொல்லிவிடுவார். அதனால்தான் அன்று அரங்கு நிறைந்திருந்தது. ஷிப்டு முடிந்து கம்பெனிச் சீருடையோடு வந்த பையன்கள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள், மகளைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாக்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பழைய தியேட்டர் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலத்து ஆள். படம் தொடங்கிச் சில நிமிடத்திலேயே, கேமரா தரையோடு தரையாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "பாயில உக்காந்து பாக்குற உயரத்துல வெச்சிருக்கான் தம்பி" என்றார். ஓசுவைப் பற்றி எழுதியவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் இதைத்தான். அவருக்குச் சினிமா தெரியும். ஆங்கிலம்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவு. ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து நின்றுவிடுகிறது.

அந்த எழுத்துக்கூட்டலுக்கும் அன்று வழியில்லை. அரங்கின் தரை சமதளம், போட்டிருந்தவை ஃபைபர் நாற்காலிகள். திரையின் அடிப்பகுதி முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விட்டது. சப்டைட்டில் இரண்டு வரியாக வந்தால் மேல்வரி தெரியும், கீழ்வரி தெரியாது. படமோ கறுப்பு வெள்ளை. வெள்ளைச் சட்டையின் மேலும் வெள்ளைக் காகிதக் கதவின் மேலும் வெள்ளை எழுத்து. ஆங்கிலம் சரளமாகப் படிப்பவர்களே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடிந்தவரை அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மையார் "சைலன்ஸ் ப்ளீஸ்" என்றார். நியாயம்தான், படம் ஓடும்போது பேசக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன். படத்தின் உயிரான கட்டம் அதற்கு அப்புறம்தான் வந்தது. மாமியார் இறந்து, காரியம் முடிந்து, நொரிகோ டோக்கியோவுக்குக் கிளம்புகிறாள். மாமனார் அவளிடம், பழசை மறந்துவிட்டு இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளம்மா என்கிறார். அவளோ, நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை, எந்நேரமும் உங்கள் மகனையே நினைத்துக்கொண்டு இருக்கிறேன் என்பதும் இல்லை என்கிறாள். மாமனார் மாமியாரின் கடிகாரத்தை எடுத்துக் கொடுக்க, முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான் காட்சி. வசனத்தை எடுத்துவிட்டால் ஒரு கடிகாரமும் ஒரு அழுகையும்தான் மிச்சம்.

வெளியே வந்ததும் ஆபரேட்டர் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுச்சு? வாட்ச் குடுத்ததுக்கா?" சொன்னேன். கேட்டு முடித்ததும் அவருக்குக் கோபம்தான் வந்தது. "இத அங்கயே தமிழ்ல எழுதிக் காட்டியிருந்தா இவங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?" என்றார். உரிய முகவரி உங்களுடையது என்பதால் கேள்வியை அப்படியே அனுப்பிவைக்கிறேன்.

தொடக்க விழாவில் பேசியவர்கள் எல்லோரும், சினிமாவுக்கு மொழி கிடையாது என்றார்கள். எல்லோரும் அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஒரு பேச்சாளர் ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோவை நினைவுகூர்ந்து, தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் ஆதி உறவு உண்டு என்று அவர் எழுதியதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அந்தக் கருத்தை ஏற்காத மொழியியலாளர்கள் நிறைய பேர், அது வேறு கதை. ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொள்வோம். இவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர்கள் ஒருவரோடொருவர் பேச நடுவில் ஆங்கிலம் எதற்கு? விளக்கேற்றி, சால்வை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து முடிப்பதற்குள் நேரம் போய், அன்றைய இரண்டாவது படத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதியில் எழுந்து போனவர்கள் பலர். சரி, அதை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

அதே மேடையில் 'முத்து' பேச்சும் வந்தது. வராமல் இருக்குமா? 1998-இல் டோக்கியோ ஷிபுயாவில் சினிமா ரைஸ் திரையரங்கில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடிய படம். ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற பெயரை, 2022-இல் அங்கே வெளியான 'ஆர்ஆர்ஆர்' முந்தும்வரை கையில் வைத்திருந்தது. ரஜினியை ஜப்பானியர்கள் கொண்டாடியதைச் சொல்லும்போது பேச்சாளரின் முகத்தில் எத்தனை பூரிப்பு! ஆனால் அந்தப் படத்தை அங்கே எப்படிக் காட்டினார்கள் என்பதையும் அவர் ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஜப்பானிய எழுத்தில் சப்டைட்டில் போட்டுக் காட்டினார்கள். 'முத்து' பார்ப்பதற்காக டோக்கியோவில் யாரும் ஆங்கிலம் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. சப்டைட்டில் எழுதுவதை அவர்கள் ஒரு தொழிலாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். ஒரு நொடிப் பேச்சுக்கு நான்கு எழுத்து என்று கணக்கு வைத்து, அதற்குள் அடங்குகிற மாதிரி வசனத்தைச் செதுக்குகிறார்கள். தங்கள் ஊர்ப் பார்வையாளர் மேல் அவ்வளவு அக்கறை. நம் பக்கம் வரும்போது மட்டும் 'ஆங்கிலத்தில் இருக்கிறதே, போதாதா' என்றால், அதைப் பரிமாற்றம் என்று எப்படிச் சொல்வது? கொடுப்பவருக்குத் தன் மொழி, வாங்குபவருக்கு மூன்றாம் மொழி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் தொழிற்பேட்டைகளில் கைசன், 5எஸ் என்று ஜப்பானிய வேலைமுறை விளக்கங்களைத் தமிழில் அழகாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். படத்துக்கு வந்திருந்த அந்தச் சீருடைப் பையன்கள் தினமும் அதற்குக் கீழே நின்றுதான் வேலை செய்கிறார்கள். கருவியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டியிருக்கிறது. நொரிகோ எதற்கு அழுதாள் என்பது மட்டும் சொல்லாமலே விளங்கிவிடும் போலிருக்கிறது.

குரல் உயர்ந்துவிட்டது. தயவுசெய்து அடுத்த ஆண்டு தமிழ் சப்டைட்டில் போடுங்கள் என்பதுதான் நான் கேட்க வந்தது.

'போட முடியாது' என்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. படத்தின் உரிமை வேறு ஒருவரிடம் இருக்கிறது, கோப்பு பூட்டப்பட்டு வருகிறது, அதற்குள் எழுத்தைச் சேர்க்க முடியாது என்கிறீர்கள். உண்மை. ஆனால் படத்துக்குள் கை வைக்கவே தேவையில்லை. திரைக்குக் கீழே அல்லது பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, அதில் எழுத்தைக் காட்ட ஒரு சின்ன புரொஜெக்டர், ஒரு லேப்டாப். படத்தை முன்கூட்டியே பார்த்த ஒருவர் உட்கார்ந்து, வசனம் வர வர ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். உலகத் திரைவிழாக்கள் பலவற்றில் நடப்பது இதுதான். மொழிபெயர்ப்புக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும்தான். அதைக் கேட்டுக் கடிதம் எழுதும் இடத்தில் இருப்பது நீங்கள். நாங்கள் எழுதினால் யார் பதில் போடுவார்கள்?

செலவு என்கிறீர்கள். சப்டைட்டில் கோப்பு என்பது நோட்பேடில் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பு. வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம், அவ்வளவுதான். உழைப்பு மொழிபெயர்ப்பில் இருக்கிறது, அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே நடக்கிறது. அதன் மேல்நிலைகளைத் தாண்டிவிட்டு ஐடி கம்பெனிகளில் மின்னஞ்சல் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம், ஓசு படத்துக்கு எழுதுகிறாயா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தின் வழியாகப் போகாமல் நேராக ஜப்பானிய மொழியிலிருந்தே தமிழுக்குக் கொண்டுவரலாம். கேரளத்தில் 2012-இல் தொடங்கிய எம்சோன் என்ற தன்னார்வக் குழு, ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிறது. பக்கத்து மாநிலத்தில் ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை, இரண்டு அரசுகளின் கொடி வைத்த மேடைக்கு முடியாது என்றால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

தமிழ் எழுத்து திரையில் உடைகிறது என்று உங்கள் தொழில்நுட்பக் குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. உடையும். சரியான எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். நல்ல யுனிகோடு எழுத்துருவைப் போட்டு, விழாவுக்கு முந்தின நாள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தீர்ந்துபோகும். நம் சொற்கள் நீளம் என்பதால் வரியைச் சுருக்கி எழுதப் பழக வேண்டும், அது கொஞ்சம் சிரமம்தான். ஆனால் தமிழில் சப்டைட்டில் ஓடவே ஓடாது என்கிற காலம் போய்விட்டது. ஓடிடியில் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே யார் ஆங்கிலம் தெரியாமல் திரைவிழாவுக்கு வருகிறார்கள் என்று உங்களில் ஒருவர் கேட்டதும் காதில் விழுந்தது. இயக்குநர் எஸ். பாலசந்தர் ஒரு திரைவிழாவில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமான்' பார்த்துவிட்டு வந்த தூண்டுதலில்தான் 1954-இல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' நமக்குக் கிடைத்தது. ஒரு திரையிடல் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். அன்றைக்கு அரங்கில் இருந்தவர் ஆங்கிலம் அறிந்தவர். ஆங்கிலம் அறியாத எத்தனை பேர் நம் விழாவுக்கு ஒருநாள் வந்து, ஒன்றும் பிடிபடாமல், மறுநாள் வராமல் போகிறார்கள் என்பதற்கு உங்கள் படிவத்தில் கணக்கு இருக்காது. வந்தவர்களிடம்தானே படிவம் கொடுக்கிறீர்கள்?

எல்லாப் படத்துக்கும் ஒரே ஆண்டில் முடியாது என்றால் சரி, ஒரு படத்துக்குச் செய்யுங்கள். அடுத்த விழாவின் படப் பட்டியல் முடிவானதும் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உரிமையாளரிடம் சம்மதம் வாங்கி, வசனக் கோப்பை எங்களிடம் கொடுங்கள். மொழிபெயர்க்கவும், சரிபார்க்கவும், அன்று உட்கார்ந்து பொத்தானை அழுத்தவும் நண்பர்கள் தயாராக இருக்கிறார்கள். சம்பளம் கேட்க மாட்டோம். பொத்தான் அழுத்துவதற்கு ஆபரேட்டர் அண்ணனே பெயர் கொடுத்துவிட்டார்.

பரிசீலிக்கிறோம் என்ற பதில் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தமுறை ஆம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். அதைத் தமிழில் எழுதினால் கூடுதல் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
கடைசி வரிசையிலிருந்து ஒரு பார்வையாளன்

பி.கு.: திரையை இரண்டடி உயர்த்திக் கட்டுங்கள். அதற்கு டோக்கியோவிலிருந்து அனுமதி வர வேண்டியதில்லை.