பத்துச் செவ்வகம்

அன்புள்ள வேணு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் பழைய கதைதான்.

ஒரு மாதமாக ஃபெக்னர் என்ற பழைய ஜெர்மன் பேராசிரியர், லைப்சிக் ஊர்க்காரர், என்னைப் பிடித்து ஆட்டுகிறார். அழகு எது என்று தத்துவக்காரர்கள் மேலே உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன காலத்தில், கீழேயிருந்து தொடங்குவோம், ஆட்களையே கேட்போம் என்றவர். 1871இல் டிரெஸ்டனில் ஹோல்பைன் என்ற பழைய ஜெர்மன் ஓவியர் வரைந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு மடோனா (மேரி மாதா) ஓவியங்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைத்தார்கள். பக்கத்தில் இவர் ஒரு நோட்டை வைத்து, எது பிடித்தது என்று எழுதச் சொன்னார். வந்தவர்கள் 11,000க்கு மேல், எழுதியவர்கள் 113! அதிலும் பெரும்பாலானவை தேறவில்லை. உன் கல்யாண மொய் நோட்டே தேவலை.

மனிதர் அசரவில்லை. பத்துச் செவ்வகங்களை 347 பேரிடம் காட்டினார். 35 சதவீதம் பேர் பொன்விகிதத்தில், அதாவது அகலம் ஒன்று என்றால் நீளம் சுமார் 1.6 என்று, இருந்ததை எடுத்தார்கள். சரி, நாமும் பார்ப்போம் என்று பழைய பத்திரிகை அட்டைகளை வெட்டிச் சரசுவிடம் நீட்டினேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா, எது நல்லா இருக்கு?" "எதுக்குன்னு தெரியாம எப்படிச் சொல்றது? சாமி படத்துக்கா, பீரோ கண்ணாடிக்கா?"

ரஷ்ய உளவியல்காரர் வைகாட்ஸ்கி கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். முப்பது வயதுகூட ஆகாமல், 1925இல், கலையின் உளவியல் என்று ஆய்வேடு எழுதினார். 1934இல் காசநோயில் போய்விட்டார். அது அச்சானது 1965இல்! பிடித்தது, பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தால் கலை கைக்கு வராது, படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கட்டு நம்மை என்ன செய்கிறது என்று பார் என்கிறார். அவர் எடுத்துக்காட்டும், ரஷ்ய எழுத்தாளர் புனினின் ஒரு கதையில் ரயில் பிளாட்பாரத்தில் ஒரு பெண்ணைச் சுட்டுவிடுகிறார்கள். அந்தச் சேதி ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், மற்ற விவரங்களோடு ஒன்றாக ஒளிந்து கிடக்கிறது. விஷயம் கோரம்; வாசிக்கும்போது மூச்சு லேசாகிறது. கதையின் பெயரே 'லேசான மூச்சு'தான்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். சுப்பு போனதை நீ போனில் சொன்னாயே, பஸ் வரவில்லை, மழை, டீக்கடையில் நின்றேன் என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு வார்த்தையாக. அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம். பல நாள் இருந்தது. உனக்குத் தெரியாது.

அந்தப் பத்து அட்டைகளும் மேஜையில்தான் கிடக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது நீயும் ஒன்றை எடு. எதுக்கு என்று மட்டும் கேட்காதே.

உன்,
ராமு