ஊறுகாய் வைக்கவில்லை என்ற சண்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பக்கத்தில் செல்போன் டவர் வேண்டாமென்று நடந்த மறியல் செய்தியைப் போன வாரம் உங்கள் இதழில் படித்தேன். ‘டவரால் மூளைப் புற்றுநோய் வருகிறது’ என்று ஒருவர் சொன்னதை அப்படியே போட்டிருந்தீர்கள். என் தம்பி அந்த நோயில்தான் போனான். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி டெய்லர். ஒரு காதுகுத்து விருந்தில், தனக்கு மட்டும் ஊறுகாய் வைக்கவில்லை என்று பரிமாறிய பையனிடம் சண்டைக்குப் போய்விட்டான். இலையைப் பார்த்தால் இடது ஓரத்தில் உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. சோற்றில்கூட வலது பாதிதான் காலியாகியிருந்தது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று மாமா சத்தம் போட்டார். அதற்கு முன்பே கடையில் அவன் வெட்டிய சட்டைகள் இடது பக்கம் கோணிக்கொண்டு போயின. கண்தான் மங்குகிறது என்று கண்ணாடியை மாற்றினோம். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. பித்தமென்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். இரண்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் மிஷினில் உட்கார்ந்திருந்தவனுக்கு வலிப்பு வந்தது. 43 வயதில், முதல் தடவையாக. பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். (இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல் இருந்தால் போதும்.) ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் கட்டி. நம் இடது பக்கத்தைக் கவனிப்பது அந்த வலது மூளைதானாம். இலையில் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அப்புறம் ஆரம்பித்தது, ‘எதனால் வந்தது?’ பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். டவர், ஹேர் டை, ஹெல்மெட், செய்வினை. ராத்திரி போனைத் தலைமாட்டில் வைக்க விட்டாளே என்று அவன் மனைவியை ஒருத்தி கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் அம்மா, ஆறு மாதக் குழந்தையில் அவனைத் தொட்டிலிலிருந்து தவறவிட்டதை நினைத்து அழ ஆரம்பித்தார். அடிபட்டதால் இந்தக் கட்டி வந்ததாக நிரூபணம் இல்லை என்று டாக்டரே அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னார். அம்மாவுக்கு இப்போது 78 வயது. இன்னும் நம்பவில்லை.

நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு இது எதனால் வந்தது என்று சொல்ல முடிவதில்லை. சின்ன வயதில் தலைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு வாய்ப்பு கூடும். மிகச் சிலருக்கு மரபணுக் கோளாறு. தொற்று நோய் இல்லை. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவுவதும் நிறைய உண்டு. செல்போன் அலையை 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ‘புற்றுநோயை உண்டாக்கலாம்’ என்ற பட்டியலில் சேர்த்தது உண்மை. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, அது யார் வாயிலும் வருவதில்லை. 2024இல் அதே நிறுவனம் கேட்டு நடந்த தொகுப்பாய்வில் 63 ஆய்வுகளை அலசினார்கள். போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை. எக்ஸ்ரே மாதிரி மரபணு இழையை உடைக்கும் பலம் இந்த அலைக்குக் கிடையாது. தவிர, டவர் தூரமாய்ப் போனால் காதோரம் இருக்கும் போன்தான் கூடுதல் சக்தியோடு வேலை செய்யும். மறியல் செய்தவர்களிடம் இதை யாராவது சொன்னார்களா?

ஸ்கேனில் கட்டி என்றதுமே புற்று என்று கதறவும் வேண்டாம். நம் ஊரில் நாடாப்புழுக் கட்டி, காசநோய்க் கட்டி எல்லாம் வலிப்போடு வருகின்றன, பெரும்பாலும் மருந்தில் தீருகின்றன. மூளை உறைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றே இல்லை.

தம்பிக்கு வந்தது நான்காம் நிலை. ஆபரேஷன், கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் செய்தும் 14 மாதம்தான் இருந்தான். இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரண்டு மாதமும் அவனைத் திட்டாமல் இருந்திருப்போம்.

டவர் செய்தி போட்ட அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். காலைத் தலைவலியோடு வாந்தி, பெரிய வயதில் முதல் வலிப்பு, ஒரு பக்கம் கைகால் தளர்வது, பேச்சுக் குழறல், பார்வையில் குறை, திடீரென்று மாறிப்போன குணம். இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால், குழந்தையில் கீழே விழுந்ததால் இது வருவதாக நிரூபணம் இல்லை என்றும் ஒரு வரி சேருங்கள். பேப்பரில் வந்தால் அம்மா நம்புவார்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
செல்லூர், மதுரை.