திருக்காஞ்சிக்கு அவன் வராவிட்டால்

திருப்பாப்புலியூர்,
ஞாயிறு.

அன்புள்ள சரோஜாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு உன்னிடமேதான் இருக்கிறது. அமாவாசைக்கு மறைந்த உன் வீட்டுக்காரர் அண்ணனுக்குப் படைத்த சோற்றை உன் மகன் பிரபு தள்ளிவைத்தான், "பேய்க்குப் படைத்தது எனக்கு வேண்டாம்" என்றான் என்று எழுதியிருந்தாய். வருஷத் திதிக்கும் திருக்காஞ்சிக்கு வர மாட்டானாம்.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, சரோ. படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்பது அவன் இப்போது போகும் கிறிஸ்தவச் சபையின் நம்பிக்கை. அப்பாவுக்கு வைத்த இலையை அம்மா முகத்துக்கு நேரே பேய்ச்சோறு என்றது வாய்த்துடுக்கு. அந்த வாய் அவனுக்குச் சபைக்குப் போகுமுன்பே உண்டு, உனக்குத் தெரியாததா? முதலாவதை விட்டுவிடு. இரண்டாவதை விடாதே. "உனக்குத் தனியாகத் தோசை ஊற்றித் தருகிறேன், ஆனால் இந்த வீட்டில் உங்க அப்பாவைப் பற்றி இப்படிப் பேசக் கூடாது" என்று நேராகச் சொல்.

என் மகன் நம் சாமியைத்தானே கும்பிடுகிறான், எனக்கென்ன கவலை என்று நீ நினைக்கலாம். நாம் காலேஜில் படிக்கும்போது வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, குளத்துப் படியில் உட்கார்ந்திருப்போமே, அங்கே வாங்கிய மாதா படம் இத்தனை வருஷமும் என் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போன தீபாவளிக்கு வந்தவன் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டான். கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். ஏணி வைத்து இறக்கி, துடைத்து, என் கட்டிலுக்கு மேலே மாட்டினேன். ஏன் என்று கேட்டான். "இது என் அறை" என்றேன். கொஞ்ச நாள் போன் இல்லை. அப்புறம் ஒருநாள் மூட்டு வலித் தைலம் கூரியரில் வந்தது.

நம் பக்கத்துத் திலகவதியாரை, அப்பரின் அக்காவை, அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தம்பி சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்ற பெரிய பேரோடு இதே ஊரில்தான் இருந்தார். அக்கா திருவதிகைக் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டு தன் வழியில் இருந்தார். சூலை நோய் வந்து தம்பி ஆள் அனுப்பியபோதுகூட, சமணர் இடத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவரே தேடி வந்து காலில் விழுந்தபோது, எழுப்பித் திருநீறு கொடுத்தார். பிரபு திரும்புவானா என்பது எனக்குத் தெரியாது, அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். அந்த அக்காவின் உறுதிதான் எனக்குப் பிடிக்கிறது.

பிரபுவுக்குத் தெரியாமல் பேத்திக்கு விபூதி பூசி அனுப்பினேன் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம். அது அவர்கள் பிள்ளை. இதில் நான் உன் பக்கம் இல்லை.

திதியை உன் கொழுந்தனார் மகன் செய்யட்டும். பிரபுவை வற்புறுத்திச் சங்கராபரணிக் கரையில் உட்கார வைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு அவன் எள்ளும் தண்ணீரும் இறைப்பதை அண்ணன் விரும்பியிருக்க மாட்டார். திதி முடிந்து அடுத்த ஞாயிறு நாம் வடலூர் போவோம். தருமச்சாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. கருமாதி, திதி எல்லாம் வேண்டாம், பசித்தவனுக்குச் சோறு போடு என்றவர் அவர். அங்கே படையலும் பிண்டமும் கிடையாது. அண்ணன் பேரில் ஒரு மூட்டை அரிசி கொடுப்போம். தூக்கிவர பிரபுவைக் கூப்பிடு. வந்தால் சந்தோஷம். மாட்டேன் என்றால் ஆட்டோக்காரர் தூக்கித் தருவார், நீ அதற்காக அழக் கூடாது.

ஐயரிடம் கேட்டுத் திதி என்றைக்கு என்று எழுது. முந்தின நாளே வந்துவிடுகிறேன். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடு, துக்கத்தில் அதையும் விட்டுவிடாதே.

அன்புடன்,
மல்லிகா