பயின்னவுங் கிடங்கு மாமாவுக்கு

யாங்கோனில் இருக்கும் நம்மவர்கள் எல்லாருக்கும், முக்கியமாகப் பயின்னவுங் சந்தையில் பருப்புக் கிடங்கு வைத்திருக்கும் மாமாவுக்கும் வணக்கம்.

மாமா, உங்கள் பெயரைப் போட்டே எழுத நினைத்தேன். "பேரெல்லாம் வேணாம்மா" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. மாண்டலேயில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இங்கே வந்து சேர்ந்தோம், அவ்வளவுதான். ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாம். அன்று நாங்கள் பேருந்தில் இருந்தோம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகன் கத்திக்கொண்டே வந்தான், முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்களுக்குக் கிடைத்த விழிப்புணர்வு அது.

இங்கே வந்த பிறகு அவன் எந்தக் கூரைக்குக் கீழும் வரமாட்டேன் என்றான். "என்றான்" என்பது என் வார்த்தை. ஏழு வயதாகிறது, பேச்சு இன்னும் வரவில்லை. வாசல் திண்ணையில் தரையோடு காதை வைத்துப் படுத்துக் கிடப்பான். யாராவது கதவைச் சாத்தினால் அலறல். அவனும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை.

அப்படி ஒரு நாள் மாலைதான் அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் வந்தேன். உங்கள் கிடங்கு வாசலில் கையை உதறிக்கொண்டு நின்றுவிட்டான். உள்ளே வாய் திறந்திருந்த உளுந்து மூட்டையைப் பார்க்கிறான், ஜெனரேட்டர் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான். உள்ளே போகவும் முடியவில்லை, விட்டு வரவும் மனமில்லை. நான் மன்னிப்புக் கேட்டு இழுத்துப் போகப் பார்த்தேன். நீங்கள் தராசடியிலிருந்து எழுந்து வந்து, "சத்தமாம்மா?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்புறம் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். ஜெனரேட்டர் நின்றது. மின்விசிறியும் நின்றது. பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காமார்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அந்த அமைதியில் அவன் தானாக உள்ளே நடந்தான் மாமா. ஐந்து நாளில் முதல் தடவையாக ஒரு கூரைக்குக் கீழே. நேராகப் போய் இரண்டு கையையும் முழங்கை வரை உளுந்துக்குள் விட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. சென்னையில் யாரோ இட்லிக்கு அரைக்க வேண்டிய சரக்கு அது. நீங்களோ மூட்டையின் வாயை இன்னும் கீழே மடித்துவிட்டு, அவன் உயரத்துக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டீர்கள். "இருக்கட்டும்மா. உளுந்துக்கு வலிக்கவா போகுது?"

மறுநாளிலிருந்து நாலு மணிக்கு அரை மணி நேரம் ஜெனரேட்டர் கிடையாது. ஏப்ரல் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. அக்காமார்கள் அட்டையால் விசிறிக்கொண்டே வேலை பார்த்தார்கள், ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நான் கூசிப்போய் நின்றபோது, "டீசல் மிச்சம்" என்றீர்கள். டீசல் விற்கிற விலையில் அது முழுப் பொய் என்று சொல்ல முடியாதுதான்.

எங்கள் மாண்டலே தெரபி டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிரித்தார். தானியத்துக்குள் கையை விடும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தம் கிடைக்கிறது, கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறது, தரை ஆடிய பிறகு அவனுக்கு அதுதானே வேண்டும் என்றார். ஒலியும் தொடுதலும் இந்தப் பிள்ளைகளை இவ்வளவு பாதிக்கும் என்பதே 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோலில் சேர்ந்ததாம். நீங்கள் அதை வாசலில் நின்ற ஒரு பிள்ளையைப் பார்த்தே புரிந்துகொண்டீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உளுந்தால் ஆட்டிசம் போகாது, யாரும் அப்படி நினைக்க வேண்டாம். வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும் பிள்ளை என்றால் உளுந்தே வேண்டாம், தண்ணீரோ பிசைந்த மாவோ போதும். எதுவானாலும் பக்கத்திலேயே உட்காருங்கள். தொடப் பிடிக்காத பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அமுக்காதீர்கள். முதலில் ஒரு கரண்டியைக் கொடுங்கள். என் பிள்ளை விஷயத்தில் நான் அந்தத் தப்பை வருடக்கணக்காகச் செய்திருக்கிறேன்.

எங்களுக்கு அறை கொடுத்த சித்தப்பா குடும்பம், அவன் கத்தியபோதெல்லாம் வண்டியை ஓரம்கட்டிய ஓட்டுநர், கோயிலிலிருந்து மூன்று வாரம் சாப்பாடு அனுப்பியவர்கள், பர்மியர்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா கட்டையை அவனைக் கல்லில் இழைக்கவிட்டு, அந்தக் குழம்பைத் தன் கன்னத்திலேயே பூசிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பர்மியப் பாட்டி, உங்கள் எல்லாருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சந்தை மூடுவதற்கு முந்தைய நாள், ஒதுக்கிய உளுந்து ஐந்து வீசையை (சுமார் எட்டுக் கிலோ) கல் பொறுக்கிச் சுத்தம் செய்து, ஓர் அலுமினியத் தாம்பாளமும் மூலையில் கிடந்த பழைய கைத்தராசும் சேர்த்து சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி அனுப்பினீர்கள். ஐந்து நாளும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எடை போட்டான். கதவு சாத்தியிருந்தது. தாம்பாளத்தில் உளுந்து விழும் சத்தம் மழை மாதிரி கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே மூன்றாம் நாள் மத்தியானம் நானும் அவனும் சேர்ந்து தூங்கிப்போனோம். ஊர் திரும்பியதும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக வாசலில் இப்படி ஒரு தாம்பாளம் வைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். வீடு என்று ஒன்று முதலில் எழும்ப வேண்டும், பார்ப்போம்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும் மாமா. தராசைத் திருப்பி அனுப்பியபோது அரை வீசைப் படிக்கல் குறைந்ததே, நீங்களும் ஒன்றும் கேட்கவில்லையே, அது தொலையவில்லை. நேற்றுப் படுக்கையை உதறும்போது அவன் தலையணைக்கு அடியில் இருந்தது. ராத்திரி அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான். கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், கொஞ்ச நாள் போகட்டும்.