ஊர்ப் பெயரோடு நிருபர் பெயரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரம் விசைப்படகு இலங்கையின் நெடுந்தீவுக்கு அருகே அந்நாட்டுக் கடற்படையிடம் பிடிபட்டால், கரைக்கு வரும் முதல் தகவல் 'ரெண்டு போட்டைப் பிடிச்சிட்டாங்க' என்ற அளவில்தான் இருக்கும். அதைச் செய்தியாக்குவது உள்ளூர்ப் பகுதி நேர நிருபர். டி.என்.10 எம்.எம். என்று வரும் பதிவு எண்ணை உரிமையாளரிடம் கேட்டு, மீன்வளத் துறையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிய படகுதானா என்று பார்த்து, மீனவர் பெயரைத் தகப்பனார் பெயரோடும் ஊரோடும் குறிக்க வேண்டும். பிழை நுழைவது இந்த இடத்தில்தான். வழக்கமாகப் போகிறவர் அன்று போகாமல், கடைசி நேரத்தில் வேறொருவர் ஏறியிருப்பார். ஒரே பெயரில் பாம்பனில் ஒருவர், தங்கச்சிமடத்தில் ஒருவர் இருப்பார். பெயர் மாறி அச்சேறினால் சம்பந்தமில்லாத வீட்டில் அழுகுரல் கேட்கும்.

இத்தனையும் சரிபார்த்து அனுப்பிய செய்தி, மாவட்ட நிருபர் வழியாகச் செய்திகளைத் திருத்தும் டெஸ்குக்குப் போய், சென்னை அறிக்கைகளோடு கலந்து, 'நமது நிருபர்' என்றோ வெறும் 'ராமேஸ்வரம்' என்றோ வெளியாகிறது. பக்கத்தில் இடநெருக்கடி உண்டு என்பது தெரியும். கண்டனம் தெரிவித்த தலைவர்கள் அத்தனை பேருக்கும் இடம் கிடைக்கும்போது, செய்தியின் கடைசியில் ஒரே ஒரு பெயருக்கு இடம் இல்லை என்பதை ஏற்க முடியவில்லை.

எல்லாச் செய்திக்கும் பெயர் கேட்கவில்லை. வேதாளை, மண்டபம் கரையில் கடல் அட்டை, பீடி இலை கடத்தல் பற்றி எழுதுகிறவருக்குப் பெயர் வராததே பாதுகாப்பு; அவர் குடியிருப்பதும் அதே ஊர்தான். அதனால் முடிவு நிருபருடையதாக இருக்கட்டும். செய்தியின் முதல் வரியில் 'பெயர் போடலாம்' அல்லது 'பெயர் வேண்டாம்' என்று எழுதி அனுப்பினால் டெஸ்குக்கும் குழப்பம் இருக்காது.

சக நிருபர்களுக்கும் ஒரு வார்த்தை. பாராட்டை எதிர்பார்த்துச் சோர்ந்து போவதைவிட, உழைப்புக்கான சான்றை நாமே சேர்த்து வைப்பது நல்லது. வெளியான செய்தியை வெட்டி ஒட்டும்போது தேதி, பதிப்பு, பக்க எண் மூன்றையும் எழுதுங்கள். ராமநாதபுரம் பக்கத்தில் வந்தது வேறு மாவட்டப் பக்கத்தில் இருக்காது, பின்னால் தேடினால் அகப்படாது. டெஸ்குக்கு அனுப்பிய மூலத்தை மின்னஞ்சலில் பத்திரப்படுத்துங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து, எடுத்த தேதி, நேர விவரமும் போய்விடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். போனில் இடமில்லை என்று மூலப் படத்தை அழித்துவிட்டு, பிறகு யாராவது அதை எடுத்துப் போட்டால் நம் படம் என்று நிறுவுவது கடினம்.

வெட்டி ஒட்டிய நோட்டிலேயே செய்திக்குப் பின் என்ன நடந்தது என்பதையும் குறித்து வையுங்கள். படகுத்துறையில் விளக்கு எரிந்ததா, விடுபட்டவருக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்ததா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது பழைய செய்திகளைத் தொடர நேரம் கிடைக்கும். கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவின் எண் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். மனம் சோர்ந்த நாளில் அந்த நோட்டைப் புரட்டினால், எழுதியது வீண்போகவில்லை என்பது தெரியும்.

நிருபரின் மதிப்பைக் கெடுப்பதில், அவரையே விளம்பரம் சேகரிக்கச் சொல்லும் வேலைக்குத்தான் பெரும்பங்கு. ஓர் இறால் பண்ணையில் தீபாவளி மலருக்கு விளம்பரம் வாங்கியவர், அதன் கழிவுநீர் பற்றி அடுத்த மாதம் எப்படி எழுதுவார்? ஊரும் அவரை நிருபராகப் பார்க்காது. இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள்.

பத்திரிகைப் பணியையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட பகுதி நேர நிருபரையும் 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பத்திரிகையாளராகவே கருதியது. எனவே தாலுகா நிருபர்களுக்கு நியமனக் கடிதமும், காலாவதி ஆகும் முன்பே புதுப்பித்த அடையாள அட்டையும் கொடுக்க ஆவன செய்ய வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி பகுதிச் செய்தியாளர்கள் சிலர்