சிலையோடு அதன் உண்மையையும் தாருங்கள்: சிற்பம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிற்ப விற்பனையாளர்களுக்கும், ஏல நிறுவனத்தாருக்கும், வீட்டு அலங்கார வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் விற்கும் ஒவ்வொரு சிற்பத்தோடும் ஒரு தாள் தாருங்கள். அது எதனால் ஆனது, யார் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலத்தது, யார் யார் கை மாறி உங்களிடம் வந்தது, எங்கெங்கே ஒட்டியும் பூசியும் இருக்கிறது என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். அதில் உங்களுக்கு எந்தக் குறைவும் வந்துவிடாது.

இதை வாங்குபவர்கள் வெகுகாலமாக வாய்மொழியாகக் கேட்டு வருகிறார்கள். "வீட்டில் வைக்கத்தானே வாங்குகிறீர்கள், அழகாக இருந்தால் போதாதா?" என்று நீங்கள் சொல்லும் பதிலும் எங்களுக்குப் பழகிவிட்டது. போதாது என்று இப்போது எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக் கூடத்தில் மணற்கல்லில் செதுக்கிய ஒரு பெண்ணின் தலை இருக்கிறது. வாங்கும்போது கறுப்பு மரப் பீடத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "பழைய தனியார் சேகரிப்பு" என்றார் விற்றவர். ரசீதில் "அலங்காரப் பொருள், கல்" என்று மட்டும் எழுதினார். அண்மையில் பீடத்தை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய்த் தலை ஆடத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கழுத்தின் அடியில் நேர்க்கோடாக ரம்பம் ஓடிய தடம். தானாக உடைந்த கல் அப்படி உடையாது. பின்பக்கத்தில் கூந்தல் முடியும் இடத்தில் உளி கொத்திய குழிகள். மற்ற பக்கமெல்லாம் வெயிலிலும் மழையிலும் கறுத்துத் தேய்ந்திருக்க, அந்தக் குழிகளில் மட்டும் கல்லின் நிறம் புதிதாக இருக்கிறது. ஏதோ ஒரு சுவரில் நின்ற உருவத்திலிருந்து இதைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். பீடத்தை அழகுக்கு என்று நம்பியிருந்தேன். அது வெட்டுத் தடத்தை மறைக்க வைத்தது.

விற்றவரிடம் கேட்டேன். "பிடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள், வேறு யாருக்காவது தள்ளிவிடலாம்" என்றார். எனக்கு வேண்டியது அதுவல்ல. அந்தத் தலையை வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. விற்க மனசாட்சி விடவில்லை. உரிய இடத்தில் சேர்த்துவிடலாம் என்றால் அந்த இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. யாரிடம் விசாரித்தாலும் முதலில் கேட்பது, "இதற்கான ஆவணம் எங்கே?" என்பதுதான். என்னிடம் இருப்பது ரசீதில் எழுதிய அந்தச் சொற்கள் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கோ அந்தக் கழுத்தின் அடிப்பாகத்தைத் தவிர வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை.

கலைப்பொருள்கள் சட்டவிரோதமாகக் கைமாறுவதைத் தடுக்க யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-லேயே வந்துவிட்டது. பல பெரிய அருங்காட்சியகங்கள் பழம்பொருள் ஒன்றை வாங்குமுன், அந்த ஆண்டுக்கு முன்பே அது தன் மண்ணைவிட்டு வெளியேறியதற்கோ பின்னர் முறையான அனுமதியோடு வெளியேறியதற்கோ சான்று கேட்கின்றன. அப்படியிருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் வாங்கியது. விற்றவர் கொடுத்த ஆவணங்கள் பொய் என்பது பிறகு வெளிப்பட்டது. அதே சிலை கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய ஒளிப்படங்கள் சாட்சி சொல்ல, 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். ஒரு நாட்டின் கலைக்கூடத்துக்கே இந்த நிலை. ஒரு வீட்டுக்காரர் எதை வைத்துச் சரிபார்ப்பார்?

தாளிலும் பொய் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். அதனால்தான் தாளோடு படங்களையும் கேட்கிறேன். முன்பக்கம் மட்டும் போதாது, முதுகும் அடிப்பாகமும் வேண்டும். உங்கள் விலைப்பட்டியல்களில் ஒளி விழும் கன்னங்களைத்தான் காட்டுகிறீர்கள். ஒரு சிற்பம் பட்ட பாடெல்லாம் அதன் அடியில்தான் தெரியும். ஆணி அடித்த துளை, பட்டறையின் முத்திரை, வார்ப்பு எண், ரம்பத் தடம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

எதனால் ஆனது என்பதைக்கூட நீங்கள் நேராகச் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்கலச் சிலை வாங்க வசதியில்லாத வீடுகளுக்காகத் துத்தநாகத்தில் வார்த்து மேலே வெண்கல நிறம் ஏற்றிய சிலைகள் ஏராளமாக வந்தன. அவற்றுக்கும் தனி அழகு உண்டு, விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அடியில் லேசாகக் கீறினால் சாம்பல் வெள்ளை தெரியும் பொருளை வெண்கலம் என்று விற்பது ஏமாற்று. இன்றைக்கு ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வெண்கலப் பொடி கலந்து வார்த்ததும் அதே பெயரில்தான் வருகிறது. மூலப்பொருள் தெரியாமல் ஒரு சிற்பத்தைப் பேணவும் முடியாது. பளிங்கின் மேல் புளிப்பான திரவம் பட்டால் அரித்து மங்கிவிடும். பளிங்கு போலத் தோன்றும் மென்மையான கல்லான ஜிப்சம் வகை அலபாஸ்டர் தண்ணீரிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், ஈரத்துணிகூட ஆகாது. வெண்கலத்தில் காலப்போக்கில் படிந்த களிம்பை அழுக்கு என்று தேய்த்துப் பளபளப்பாக்கினால் அதன் வயதையே துடைத்தெறிந்ததாகும். ஆனால் வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கினால், உள்ளே குளோரைடு உப்பு அரிக்கிறது என்று பொருள். அதை உடனே ஈரமில்லாத இடத்துக்கு மாற்றி, தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். இதையெல்லாம் வாங்குபவருக்குச் சொல்ல அரைப் பக்கம் போதும்.

யார், எப்போது செய்தது என்பதும் அப்படியே. பிரெஞ்சுக் கலைஞர் எட்கர் தெகாவின் சிறுமி நடனக்காரி சிலை 1881-இல் காட்சிக்கு வந்தபோது மெழுகில்தான் இருந்தது. இன்று நாம் பார்க்கும் வெண்கல வார்ப்புகள் அவர் 1917-இல் மறைந்த பிறகு செய்தவை. அருங்காட்சியகங்கள் இதை மறைப்பதில்லை, அதனால் அவற்றின் மதிப்பும் குறையவில்லை. பிரான்சில் ஒரு வெண்கலச் சிற்பத்துக்கு எட்டு எண்ணிட்ட வார்ப்புகளும் கலைஞருக்கென்று ஒதுக்கிய நான்கு படிகளும், ஆகப் பன்னிரண்டு வரைதான் மூல வார்ப்பு என்று ஏற்கிறார்கள். அதற்குமேல் வார்த்தால் அது மறுபதிப்பு. ஒரு நாடு இவ்வளவு தெளிவாக வரையறுத்த பிறகும், வார்ப்பு எண்ணைக் கேட்டால் உங்களுக்கு ஏன் கோபம் வருகிறது?

வடிவமைப்பாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய சிற்பத்தின் உச்சியில் துளையிட்டு மின்கம்பி நுழைத்து விளக்குத் தண்டாக்காதீர்கள். சோபாவின் நிறத்துக்கு ஒத்துப்போகவில்லை என்று மரச்சிற்பத்துக்கு வண்ணம் அடிக்காதீர்கள். ஐந்நூறு ஆண்டு தப்பிப் பிழைத்த பொருளை ஒரு பருவத்து மோஸ்தருக்காகச் சிதைக்க நமக்கு என்ன உரிமை? இன்றைய சிற்பிகளை நடத்தும் விதமும் சரியில்லை. இதழ்களில் அலங்கரித்த கூடத்தின் படம் வருகிறது, வடிவமைத்தவர் பெயரும் சோபா செய்த நிறுவனத்தின் பெயரும் வருகின்றன. நடுவில் நிற்கும் இரும்புச் சிற்பத்தைச் செய்தவர் பெயர் இல்லை. உயிரோடு இருக்கும் சிற்பியின் பெயரை இன்று எழுதாமல் விட்டால், நாளை அதைப் பழம்பொருளாக விற்பவர் எங்கே போய்த் தேடுவார்?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது. உங்களில் ஒழுங்காகத் தாள் எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களிடம் வாங்கியவற்றைக் கவலையில்லாமல் வைத்திருக்கிறேன். மற்றவர்களும் அதையே செய்யுங்கள் என்றுதான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பழையதோ, இடைக்காலத்ததோ, நேற்று வார்த்ததோ, எதுவானாலும் தாள் இருக்கட்டும். ஏற்கெனவே விற்றவற்றுக்கும், வாங்கியவர் வந்து கேட்டால், உங்கள் பழைய கணக்கேடுகளைப் பார்த்து, யாரிடமிருந்து எந்த ஆண்டு வாங்கினீர்கள் என்பதையாவது எழுதிக் கொடுங்கள். உங்கள் அடுத்த விலைப்பட்டியலில் ஒவ்வொரு சிற்பத்தின் அடிப்பாகப் படமும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் இன்னும் வாங்க விரும்பும் ஒரு வாடிக்கையாளர்